நிழலரங்கில் ஓர் இருக்கை

புகழேந்தியின் முதல் அனிமேஷன் படம் தோற்றதற்குக் காரணம், யாரும் வாயைத் திறக்காதது. இரண்டாவது படம் தோற்றதற்குக் காரணம், எல்லோரும் வாயைத் திறந்தது. இரண்டு படங்களுக்கும் ஜெசிந்தாதான் எடிட்டர். அதனால் இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் படத்தின் நடுப்பகுதி செத்துக் கிடந்தது. வரைந்தவர்களுக்குத் தெரியும், ஒலி சேர்த்தவர்களுக்குத் தெரியும், தரமணி ஸ்டுடியோவின் கான்டீனில் தோசை தின்றுகொண்டே அதைப் பற்றிப் பேசாதவர் யாருமில்லை. இயக்குநரிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாவது படத்தில் அந்தத் தவறு நடக்கக்கூடாது என்று பணம் போட்டவர் தொடங்கி அவருடைய மைத்துனர் வரை எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். மூன்றாம் வருடத்தில் கதாநாயகனாக இருந்த யானை ஒட்டகமாகிவிட்டது. அந்த ஒட்டகத்தைத் தியேட்டரில் பார்க்க யாரும் வரவில்லை.

சாதாரணப் படம் என்றால் எடுத்து வைத்த காட்சிகளில் மிச்சம் கிடக்கும். வெட்டி ஒட்டி எப்படியாவது உயிர் கொடுத்துவிடலாம். அனிமேஷனில் மிச்சம் என்று ஒன்று கிடையாது. திரையில் ஓடும் ஒவ்வொரு நொடியும் யாரோ ஒருவருடைய ஒரு வாரம். படம் சரியில்லை என்று தெரியவரும்போது காசும் தீர்ந்திருக்கும், ஆட்களும் களைத்திருப்பார்கள். அந்த இரண்டாவது படத்துக்குப் பிறகு ஸ்டுடியோவில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. ஜெசிந்தாவோடு பத்து வருடம் வேலை பார்த்த பெண்ணொருத்தி இப்போது துணிக்கடை விளம்பரங்களுக்கு எழுத்து வரைகிறாள்.

நிழலரங்கு வந்தது மூன்றாவது படத்தின்போது.

அதைக் கொண்டுவந்தவள் நித்திலா. வெளியூர் நிறுவனமொன்று அனுப்பிய பொறியாளர். முப்பது வயதுதான் இருக்கும். முதல் நாள் எல்லோரையும் உட்காரவைத்து அவள் விளக்கியது எளிமையாகத்தான் இருந்தது. முந்நூறு குழந்தைகள், பெற்றோர் சம்மதத்துடன். அந்தக் குழந்தைகள் வீட்டில் டேப்லெட்டில் பாடம் படிக்கும்போதும் கதை பார்க்கும்போதும் அது அவர்களைக் கவனிக்கும். கண் எங்கே போகிறது, மூச்சு எப்போது நிற்கிறது, எதற்குச் சிரிப்பு வருகிறது, எதற்குக் கை வாய்க்குப் போகிறது. சில மாதங்களில் அந்தக் குழந்தையைப் போலவே படம் பார்க்கத் தெரிந்த ஒரு நிழல் உருவாகிவிடும்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு படத்தை ஒரு தடவைதான் முதல் தடவையா காட்ட முடியும்," என்றாள் நித்திலா. "நம்ம அரங்குல எத்தனை தடவை வேணும்னாலும் முதல் தடவை. காட்டி முடிச்சதும் ஞாபகத்தை அழிச்சிடுவோம். அடுத்த வாரம் புதுசா வந்து உக்காருவாங்க."

புகழேந்தி கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரர், இரண்டு தோல்விகளும் அவரைக் குரல் தாழ்த்திப் பேசுகிறவராக மாற்றியிருந்தன. கடைசியில், "அவங்க பொய் சொல்ல மாட்டாங்களே?" என்று மட்டும் கேட்டார்.

"சார், அவங்களுக்குச் சொல்லவே தெரியாது. பார்க்க மட்டும்தான் தெரியும்."

எடிட்டிங் அறையின் இரண்டாவது திரையில் நிழலரங்கு தெரியும். ஒரு சிறிய தியேட்டர். வரிசை வரிசையாகச் சாம்பல் நிற உருவங்கள். முகம் கிடையாது, தலை, தோள், கை மட்டும். படம் ஓட ஓட அவை சாயும், நிமிரும், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குலுங்கும். முதல் சில நாட்கள் எல்லோருக்கும் அது உறுத்தலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஊழியர்களின் பிள்ளைகளை முதலில் சேர்க்கச் சொன்னார்கள். ஜெசிந்தாவும் தன் ஒரே மகள் டெல்பினைச் சேர்த்தாள். அப்போது அவளுக்கு ஐந்து முடிந்து ஆறு. மகளுக்குக் கிடைத்த இருக்கையை ஜெசிந்தா பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். முகமில்லாத அந்தச் சின்ன உருவம், சிரிப்பு வரும்போது டெல்பினைப் போலவே காது மடலைத் தேய்த்துக்கொண்டது. ஜெசிந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. படத்தின் வேலை முற்றிய பிறகு அவள் மடிப்பாக்கம் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மகள் தூங்கியிருப்பாள். பள்ளிக்கு அனுப்புவது, சோறு ஊட்டுவது, வீட்டுப்பாடம் எல்லாம் கணவன் ரெக்ஸன்தான். அவன் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். மாலையில் சீக்கிரம் வந்துவிடுவான். கணக்குப் பார்த்தால் ஜெசிந்தா தன் பிள்ளையோடு கழித்ததைவிடப் பிள்ளையின் நிழலோடு கழித்த நேரம்தான் அதிகம். ஒரு காட்சியை எங்கே வெட்டுவது என்று குழம்பினால் அந்த இருக்கையைப் பார்ப்பாள். அது காதைத் தேய்த்தால் இன்னும் கொஞ்சம் ஓடவிடுவாள்.

படத்தின் கதை இதுதான். பூசணி என்ற குண்டுக் கூழைக்கடாக் குஞ்சு, தன் கூட்டம் வந்திறங்கிய ஏரியைத் தேடிச் சென்னைக்கு வருகிறது. ஏரி இருந்த இடத்தில் கட்டடங்கள். நகரத்திலேயே கிடந்து கிழடான ஒரு நாரை, எல்லோருக்கும் சித்தப்பா, அதற்கு வழிகாட்டியாகக் கூட வருகிறது. பாதிப் படத்தில் சித்தப்பா உயர் மின்கம்பியில் மாட்டிச் செத்துப்போகிறது. மீதி வழியைப் பூசணி தனியாகப் போக வேண்டும்.

முதல் வடிவத்தில் இன்னொரு காட்சியும் இருந்தது. சித்தப்பா விழுந்த இடத்திலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து பூசணி தன் அலகுப் பையில் வைத்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு பேசவும் முடியாமல் தின்னவும் முடியாமல் பறந்துகொண்டே இருக்கும். புகழேந்திக்கு ரொம்பப் பிடித்த காட்சி. நிழலரங்கு அதைத் தாங்கவில்லை. உருவங்கள் குறுகிக்கொண்டன, அதற்குப் பிறகு வந்த நகைச்சுவைக்கு ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. பென்சில் ஓவியமாக இருக்கும்போதே அதைத் தூக்கிவிட்டார்கள். வர்ணம்கூடப் பூசவில்லை. ஸ்டுடியோவுக்கு வெளியே யாரும் அதைப் பார்த்தது கிடையாது.

இப்படியே வெட்டியும் சேர்த்தும் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நிழலரங்கு கொடுக்கும் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. பணம் போட்டவர்கள் அமைதியானார்கள். மைத்துனர் வருவதை நிறுத்திக்கொண்டார். புகழேந்தி பழைய பாட்டுகளை முணுமுணுக்கத் தொடங்கினார்.

முதலில் கண்ணில் பட்டது தோள்கள்தான்.

ஒருநாள் மின்கம்பிக் காட்சியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் சித்தப்பாவும் பூசணியும் இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தன. கம்பி படத்துக்குள் வரவே இல்லை. ஆனால் நிழலரங்கில் எல்லாத் தோள்களும் மெல்ல உயர்ந்தன. முந்நூறும். டெல்பினின் நிழல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டது.

ஜெசிந்தா புகழேந்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சார், இவங்களுக்கு முன்னாடியே தெரியுது."

"அது எதிர்பார்ப்பும்மா. காட்சியை ஒழுங்கா கட்டியிருக்கோம்னு அர்த்தம்," என்றார் அவர். சந்தோஷமாகவே சொன்னார்.

அவளுக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் அவர் இல்லாதபோது ஒரு காரியம் செய்தாள். மின்கம்பிக் காட்சியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பூசணி மழைத் தண்ணீரில் குதித்து விளையாடும் காட்சியை ஒட்டினாள். அதற்கு முந்தைய பேச்சையும் மாற்றினாள். பயப்படுவதற்கு எந்தக் குறிப்பும் மிச்சமில்லை. ஓட்டினாள். சரியாக அந்த இடம் வந்ததும் தோள்கள் உயர்ந்தன. பூசணி தண்ணீரில் குதித்தது. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தப்பித்தோம் என்பதுபோல அத்தனை தோள்களும் ஒன்றாகக் கீழே இறங்கின.

ஜெசிந்தா இரண்டாவது திரையை அணைத்துவிட்டு அன்றைக்கு முழுவதும் பழைய முறையில், தன் கண்ணை மட்டும் நம்பி வேலை பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வஞ்சிரம் குழம்பு டெல்பினுக்கு உயிர். அன்று தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் லேசாகப் புடைத்திருந்தது.

"வாயில என்னடி?" என்றாள் ஜெசிந்தா.

டெல்பின் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அது ஒரு வாரமா நடக்குது ஜெசி," என்றான் ரெக்ஸன். "கிளாஸ்லயும் வச்சிருக்காளாம். மிஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க. நீ வேலையில இருக்கியேன்னு நான் சொல்லல. கேட்டா என்னமோ சொல்லுதா, எனக்கு ஒண்ணும் விளங்கல."

ஜெசிந்தா மகளின் தாடைக்குக் கீழே கையை நீட்டினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு டெல்பின் துப்பினாள். ஒரு கூழாங்கல். வழவழவென்று, எச்சில் சூட்டோடு.

"எதுக்கும்மா இது?"

"சித்தப்பாவுக்கு," என்றாள் டெல்பின்.

ரெக்ஸன் சிரித்தான். "எனக்குத் தம்பியே கிடையாது. யாரைச் சொல்லுதான்னு தெரியல பாரு."

"எந்தச் சித்தப்பா, கண்ணு?"

குழந்தை யோசித்தது. பதில் தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டார்கள் என்பதுபோல முகம் சுருங்கியது. "செத்துப்போன சித்தப்பா. கல்லை வச்சிருந்தா பேசக்கூடாது," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். கல்லைத் திருப்பிக் கேட்டாள்.

ஜெசிந்தா வீட்டில் படத்தைப் பற்றிப் பேசியது இல்லை. பேச அவளுக்கு நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. கூழாங்கல் காட்சி தூக்கப்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதைப் பார்த்தவர்கள் ஸ்டுடியோவில் ஏழெட்டுப் பேர். மற்றபடி அந்தச் சாம்பல் உருவங்கள் மட்டும்.

திங்கட்கிழமை நித்திலாவைக் கான்டீனின் ஓரத்து மேசைக்குக் கூட்டிப்போனாள். கல்லை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். நித்திலா கல்லைத் தொடவில்லை. டீயையும் தொடவில்லை.

"ஞாபகத்தை அழிக்கிறோம்னு சொன்னியே," என்றாள் ஜெசிந்தா.

"அழிக்கிறோம் அக்கா. ஆனா சுத்தமா போகாது போல. ஏதோ படிஞ்சிடுது. இவ்வளவு தடவை ஓட்டுவீங்கன்னு நாங்க நினைக்கல."

"அது நிழலுக்கு. என் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"

நித்திலா வெளியே நின்ற வண்டிகளைப் பார்த்தபடியே சொன்னாள். "நிழலும் பிள்ளையும் ஒரே மாதிரி இருக்கணும். அதுதான் இந்த ஏற்பாட்டுக்கே அடிப்படை. பிள்ளைங்க வளருவாங்க, மாறுவாங்க. அதனால வாரா வாரம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வித்தியாசம் இருந்தா குறைக்கச் சொல்லி சிஸ்டத்துக்குச் சொல்லியிருக்கோம்."

"குறைக்கணும்னா நிழலைத்தானே மாத்தணும்?"

"அப்படித்தான் நாங்களும் நினைச்சோம். ஆனா எதை மாத்துறதுன்னு நாங்க குறிப்பா சொல்லல. நிழலை மறுபடி செய்ய ரொம்ப மின்சாரம் ஆகும், நேரம் ஆகும். பிள்ளையை மாத்துறது அதுக்குச் சுலபமா இருந்திருக்கு." அவள் குரல் தணிந்தது. "டேப்லெட் வீட்லதான இருக்கு. கணக்குப் பாடத்துல வர்ற படம், எழுத்துப் பழக்குற கதை, தூங்க வைக்கிற பாட்டு. முழுப் படத்தைக் காட்ட வேண்டியதே இல்லைக்கா. ஒரு நிறம், ஒரு மெட்டு, ஒரு இடத்துல மூச்சை நிறுத்தி வைக்கிற மாதிரி ஒரு இடைவெளி. கொஞ்சம் கொஞ்சமா பிள்ளை நிழல் மாதிரி ஆயிடும்."

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு. மதிப்பெண் ஏறிட்டே இருந்ததால யாரும் கேக்கல. நானும் சொல்லல." அப்போதுதான் அவள் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, இது யாரும் திட்டம் போட்டுச் செஞ்சது இல்ல."

அது ஆறுதலாக இல்லை. திட்டம் போட்டிருந்தால் யார்மேலாவது கோபப்படலாம் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது.

புகழேந்தியின் அறைக்குப் போனாள். அவர் கடைசிப் பகுதியின் ஓவியங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை திரும்பவில்லை.

"இதை நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார்."

"இந்தப் படமும் விழுந்துச்சுன்னா இந்தக் கட்டடம் காலி. இருநூறு குடும்பம். நம்ம ஊர்ல இன்னொருத்தன் முழுநீளப் பொம்மைப் படம் எடுக்கப் பத்து வருஷம் ஆகும். ஏன் படம் ஓடுது, ஏன் விழுதுன்னு நான் இருபது வருஷமா மண்டையை உடைச்சிக்கிட்டிருக்கேன் ஜெசிந்தா. கதை நல்லா இருந்தும் விழுந்திருக்கு. குப்பையும் ஓடியிருக்கு. முதல் தடவையா எனக்கு ஒரு தரை கிடைச்சிருக்கு நிக்கிறதுக்கு."

"பிள்ளைங்களுக்குப் பிடிக்கிற மாதிரி படம் எடுக்கிறது வேற சார். படத்துக்குப் பிடிக்கிற மாதிரி பிள்ளைங்களை எடுக்கிறது வேற."

அவர் திரும்பினார். கோபம் இல்லை, களைப்புதான். "பள்ளிக்கூடத்துல என்ன பண்றாங்க? கோயில்ல, சர்ச்சுல என்ன பண்றாங்க? எங்க அழணும், எங்க கை தட்டணும்னு சொல்லித்தானே கொடுக்கிறோம்?"

"அங்க நாம கூட உக்காந்திருக்கோம் சார். பிள்ளை என்ன கத்துக்கிதுன்னு நமக்குத் தெரியும்."

புகழேந்தி கையிலிருந்த ஓவியத்தையும் சுவரில் ஒட்டினார். கடைசியில் அவர், "உன் பிள்ளையை எடுத்துடு," என்றார். "நித்திலாகிட்ட நான் சொல்றேன், அந்த ஒப்பிடுற வேலையையும் நிறுத்தச் சொல்றேன். நீ வெளியில பேசாம இரு. படம் வரட்டும். அப்புறம் நானே எல்லாப் பெத்தவங்களையும் கூப்பிட்டுச் சொல்றேன்."

ஜெசிந்தா ஒப்புக்கொண்டாள். மற்ற குழந்தைகளின் முகங்கள் அவள் மனத்தில் வராமல் இல்லை. கூட வேலை செய்யும் அப்துல் ரவூஃபின் இரட்டைப் பையன்கள் அதில் இருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண்ணின் மகனும் இருந்தான். ஆனால் நிறுத்திவிடுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அதை நம்புவது அவளுக்கு அப்போது வசதியாக இருந்தது.

நீக்கும்போது பார்க்க வேண்டுமா என்று நித்திலா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் ஜெசிந்தா வாயெடுத்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள். திரையில் எதுவும் ஓடவில்லை. அரங்கு வெறுமனே காத்துக்கொண்டிருந்தது. டெல்பினின் நிழல் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது. நித்திலா ஒரு பட்டனை அழுத்தினாள். சத்தம் ஏதும் இல்லை. ஆடிக்கொண்டிருந்த கால்கள் பாதியில் நின்றன, பிறகு அங்கே நாற்காலி மட்டும் இருந்தது. ஜெசிந்தா எழுந்து பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் முகத்தைக் கழுவினாள்.

டேப்லெட்டை ரெக்ஸன் பீரோமேல் தூக்கிப்போட்டான். பள்ளியில் பேசி, காகிதத்தில் வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்டார்கள். முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருந்தது. சாயங்காலமானால் டெல்பின் ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். எதற்கோ காத்திருப்பாள். "என்னம்மா பாக்கிற?" என்றால், "இன்னும் ஆரம்பிக்கல," என்பாள். ஒருமுறை சுவரைப் பார்த்தபடியே விக்கி விக்கி அழுதாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

பிறகு மெல்ல மெல்ல நாற்காலி நகர்ந்தது. கீழ்வீட்டுப் பெண்களோடு சைக்கிள் விட்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். காரணமில்லாமல் அடம்பிடித்தாள். ஒருநாள் கடைவீதியில் பலூன் கேட்டு நடுத்தெருவில் உருண்டாள். போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ரெக்ஸனுக்கு மானம் போயிற்று. ஜெசிந்தாவோ அந்த அடத்தை ஏதோ பரிசு கிடைத்ததுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலையிலிருந்து சீக்கிரம் வர ஆரம்பித்திருந்தாள். மகளின் முகத்தில் வந்துபோகிற எதுவும் அவளுக்கு முன்கூட்டியே தெரியவில்லை. தெரியாதது நன்றாக இருந்தது.

ஸ்டுடியோவில் படத்தின் முடிவை மாற்றிக்கொண்டிருந்தார்கள். புகழேந்திக்கு ஆதியிலிருந்தே ஒரு ஆசை. பூசணி கடைசியில் ஏரிக்குப் போய்ச் சேரக்கூடாது. கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும், அங்கே இருட்டில் இறங்க வேண்டும். இறங்கியதும் திரை முழுவதும் கறுப்பாகி, நெடுநேரம் ஒன்றுமே தெரியக்கூடாது. ஒலியும் கூடாது. அதன் பிறகு மெல்லத் தண்ணீர்ச் சத்தம்.

"பிள்ளைங்க கத்துவாங்க சார். தியேட்டர்ல யாராவது விசிலடிப்பான்," என்றாள் ஜெசிந்தா.

"அரங்கு முதல்ல ஒத்துக்கல. இப்ப ஒத்துக்கிச்சு," என்றார் புகழேந்தி. அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் மேலே கேட்கவில்லை.

படம் கோடை விடுமுறையில் வந்தது. வடபழனியில் காலைக் காட்சிக்கு மூவரும் போனார்கள். அரங்கு நிரம்பியிருந்தது. முக்கால்வாசி குழந்தைகள், ஜெசிந்தாவுக்குத் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. மாம்பலம், போரூர், ஆவடி, எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். முந்நூறு பிள்ளைகளில் டெல்பினைத் தவிர ஒருவர்கூட இங்கே இருக்க வாய்ப்பில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாப்கார்ன் வாசனை, குழந்தைகளின் கூச்சல், முன் நாற்காலியை உதைக்கும் கால்கள். விளக்கு அணைந்தது. கூச்சலும் அந்த நொடியே அணைந்தது.

ஜெசிந்தா திரும்பிச் சுற்றிலும் பார்த்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். ஆனால் வேடிக்கை நடப்பதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. மின்கம்பிக் காட்சிக்கு வெகு முன்னால், திரையில் சித்தப்பா இன்னும் கதை விட்டுக்கொண்டிருக்கும்போதே, அரங்கு முழுவதும் ஒரே மூச்சாக உள்ளிழுக்கும் ஓசை கேட்டது. டெல்பினும் இழுத்தாள். ஜெசிந்தா மகளின் கையைப் பற்றினாள். அந்தச் சின்ன விரல்கள் விறைத்திருந்தன. எத்தனையோ மாதம் ஆகியும் அது உள்ளே அப்படியே இருந்தது.

நித்திலா எப்போதோ சொன்ன ஒன்று இப்போது நினைவுக்கு வந்தது. அந்தப் பாடங்களும் பாட்டுகளும் முந்நூறு பேருக்காகத் தனியாகச் செய்தவை அல்ல. நகரத்துப் பள்ளிகள் எல்லாம் பயன்படுத்தும் அதே செயலியில்தான் அவை இருந்தன. யாரும் எதையும் நிறுத்தவில்லை. நிழல்களுக்குள் படிந்ததையெல்லாம் நகரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பரவவிட்டிருக்கிறார்கள்.

படம் கடைசிப் பகுதிக்கு வந்தது. பூசணி இருட்டில் குவாரிக்குள் இறங்கியது. திரை கறுத்தது. ஒலி நின்றது.

ஒரு குழந்தையும் கத்தவில்லை. யாரும் விசிலடிக்கவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கும்மிருட்டில் அசையாமல், ஒன்றுபோல மூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். பெரியவர்கள் சிலர் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு, சுற்றிலும் இருந்த அமைதிக்குக் கூச்சப்பட்டு உள்ளே வைத்தார்கள்.

"அம்மா," என்றாள் டெல்பின், உரக்கவே. "படம் நின்னுபோச்சா?"

ஜெசிந்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தெரியவில்லை. அவள் மகளுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியவில்லை. இந்த முடிவு அவளுக்குள் போகவே இல்லை. மகளின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

டெல்பினின் மறுபக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பையனின் குரல் கேட்டது. அவனோடு வந்தவர்கள் ஆவடிக்காரர்கள் என்று இடைவேளையில் பேச்சு வந்திருந்தது. ஜெசிந்தாவோ டெல்பினோ அவனை இதற்கு முன் பார்த்ததில்லை.

"நிக்கல. இப்ப தண்ணி வரும்," என்றான். பிறகு குனிந்து அவள் முகத்தைப் பார்க்க முயன்றான். "நீ எங்க போயிருந்த? ரொம்ப நாளா உன் சீட்டு காலியா இருந்துச்சு."

யார் நீ என்று டெல்பின் கேட்பாள் என்று ஜெசிந்தா காத்திருந்தாள்.

"அம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்றாள் டெல்பின்.

முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. அதற்கு முன்வரிசையிலும் திரும்பின. அந்தக் கறுப்பில் முகங்கள் தெரியவில்லை. தலையும் தோளும்தான் தெரிந்தன. பையன் டெல்பினைத் தாண்டி ஜெசிந்தாவைப் பார்த்தான். அவன் குரலில் புகார் இல்லை, அழுகையும் இல்லை.

"ஆன்ட்டி, எங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல," என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் திரையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எல்லாத் தலைகளும் முன்னால் திரும்பிக்கொண்டன.